ஒரு கல் குறைவு

எங்கள் சந்துக்குச் சிமெண்ட் கல் பதிக்கிறார்கள்.
பாம்பன், தெற்குவாடி.
சாம்பலும் சிவப்பும் மாறி மாறி.
என் வாசலில் மட்டும் ஒரு கல்லை
விட்டுவிடச் சொன்னேன்.
மேஸ்திரி சாத்தையா ஏற இறங்கப் பார்த்தார்.
"தண்ணிக் குழாய்க்கா?"
இல்லை.
"பின்னே?"

பின்னே என்றால்,
ஆல்த்யே, உன்னிடமிருந்து தொடங்க வேண்டும்.

டெல்ஃப்சைல் துறைமுகத்தில்
கப்பல் வயிற்றுக்குள் வெல்டிங் வைத்த நாலு வருடமும்
நான் குடியிருந்த தெருவில்
நடைபாதையோடு நடைபாதையாக நீ கிடந்தாய்.
உள்ளங்கை அளவுப் பித்தளை.
பெயர். பிறந்த வருடம். பிடிபட்ட நாள்.
சுட்ட நாள்.
கழித்துப் பார்த்தால் இருபத்துமூன்று வயது.

முதல் நாள் மிதித்துவிட்டேன்.
பதறிப்போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்,
புத்தகத்தை மிதித்தால் செய்வதுபோல.
ரொட்டிக் கடை டேர்க் சிரித்தான்.
மிதிக்கத்தான் வைத்திருக்கிறது என்றான்,
மிதிபட மிதிபட மினுங்குமாம்.
நம் பக்கம் செத்த வீரனுக்குக் கல்லை நட்டார்கள்;
அங்கே படுக்க வைத்திருக்கிறார்கள்.
படிக்க வேண்டுமானால் குனிந்தே ஆக வேண்டும்.

புரையேறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள்.
கால் தடுக்கினால்
நாம் யாரையோ மறந்திருக்கிறோம்.
இது டேர்க் சொன்னதில்லை, நானாகச் சேர்த்தது.

டேர்க் சொன்னது சைக்கிள் கதை.
திருட்டு ரேஷன் அட்டைகளைச் சுருட்டி
சீட்டுக்கடியில் இரும்புக் குழாய்க்குள் திணித்து
பனியில் பதினாறு மைல் மிதிப்பாயாம்.
மாட்டுக்கொட்டகைப் பரணில் ஒளிந்திருந்த
ஒன்பது பேருக்கு அதுதான் ரொட்டி.
ஒருநாள் டயர் பஞ்சர்.
உதவட்டுமா என்று வந்து நின்றவன்
சீருடையில் இருந்தான்.
எங்கே எங்கே என்று கேட்டார்களாம்
பதினோரு நாள்.
நீ பஞ்சரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாயாம்.

ஒன்பது பேரும் பிழைத்தார்கள்.
அதில் ஒருத்தியின் பேரன்
டேர்க் கடையில் கடன் வைத்திருக்கிறான்.

மே நாலாம் தேதி,
வெயில் அடங்காத இரவு எட்டு மணிக்கு
ஊரே இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும்.
அதற்கு முன்பே புளி வைத்து உன்னைத் தேய்த்திருப்பேன்.
பித்தளை துலக்க அவர்களுக்குத் தெரியவில்லை, ஆல்த்யே,
என்னவோ டியூபில் க்ரீம் வைத்திருந்தார்கள்.
உனக்காகத்தான் தேய்த்தேன் என்று
நினைத்துக்கொள்ளாதே.

கப்பல் வேலைக்கு முன்னால் நான் விசைப்படகு டிரைவர்.
ஒரு விடியற்காலை, கச்சான் அடங்கி
கடல் எண்ணெயாய்க் கிடந்தது.
நாலாம் திட்டில் ஆட்கள்.
அக்கரையிலிருந்து ஏற்றி வந்தவன்
இதுதான் இந்தியா என்று இறக்கிவிட்டுப் போயிருக்கிறான்.
சுற்றிலும் தண்ணீர், நடுவில் மணல்,
குடிக்க ஒரு சொட்டில்லை.
ஒரு பெண் சிவப்புத் துணியை ஆட்டினாள்.
ஆறு பேர். எண்ணினேன்.
கேஸாகும், படகைப் பிடித்து வைப்பான் என்றான் அருள்சீலன்.
அவன் சொல்லியிராவிட்டாலும்
சுக்கானைத் திருப்பியிருப்பேன்.

மறுநாள் பேப்பரில்,
மணல்திட்டில் தவித்த ஐந்து பேர் மீட்பு.

ஐந்து.
வெயிலில் கண் கூசி ஒன்றைக் கூட எண்ணியிருக்கலாம்.
துணியையே ஆளாக எண்ணியிருக்கலாம்.
நாலு வருடம் உன்மேல் குனிந்தபடி
எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

சாத்தையா இன்னும் காத்திருக்கிறார்.
"பேரு எழுதிக் கல்லு கில்லு வைக்கப் போறீகளா?"
பேர் தெரியாது.
"ஆம்பளையா பொம்பளையா?"
அதுவும்.
கரண்டியைத் துடைத்தார்.
சுற்றிலும் பூசிவிட்டு
அந்தச் சதுரத்தை அப்படியே விட்டுப் போனார்.

கவுன்சிலர் ஒருதரம் வந்து கத்தினார்.
பிள்ளைகளுக்குக் கோலிக்குண்டு உருட்ட வசதி.
ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்கிறது,
கரைக்குத் திரும்பத் தெரியாத நண்டொன்று
இரண்டு நாள் அதில் இருந்தது.

நேற்று மீன்கூடையோடு வந்த புஷ்பரதி
தடுக்கி, கூடையை எப்படியோ பிடித்துக்கொண்டு,
"எந்தப் பாவி இங்கே குழி விட்டது?" என்றாள்.
நான்தான், என்றேன்.
அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை.
இன்னொரு முறை சொன்னேன்.